யாருடைய சிறுநீரைச் சோதிப்பது?

2016 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா வந்தது. வருமான வரியில் 1,50,000 டாலருக்கு மேல் கழிவு கேட்பவர்கள் போதைப்பொருள் பரிசோதனை செய்து முடிவை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். மறுப்பவர்களுக்கு எல்லோருக்கும் உள்ள சாதாரணக் கழிவு மட்டும்தான். கொண்டுவந்தவர் க்வென் மூர், விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி தொகுதியின் உறுப்பினர்.

படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான் அந்த மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு உதவி கேட்கும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு இதே பரிசோதனையை பட்ஜெட்டோடு சேர்த்துச் சட்டமாக்கியிருந்தார். அதற்குப் பெயர் சீர்திருத்தம். மூர் செய்தது முகவரியை மாற்றியது மட்டும்தான்.

"ரெண்டும் ஒண்ணா? ஏழைக்குக் கொடுப்பது அடுத்தவன் பணம், வரிக்கழிவு அவனவன் சம்பாதித்த பணம்" என்று உடனே ஒரு பதில் வரும். நம்ம ஐ.டி. ஆட்களிடம் இந்தப் பதில் மனப்பாடமாக இருக்கிறது. அமெரிக்க அரசே இதை ஏற்பதில்லை. 1974ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டப்படி, இப்படி விட்டுக்கொடுக்கும் வரியைச் செலவினம் என்றே பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். கஜானாவைப் பொறுத்தவரை உள்ளே வராத டாலரும் வெளியே போன டாலரும் ஒன்றுதான். வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு வாங்குகிறோம். குழந்தையை டேகேரில் விடும் செலவில் ஒரு பகுதியை வரியில்லாமல் ஒதுக்கும் வசதி 1980களிலிருந்தே இருக்கிறது. கம்பெனி போர்ட்டலில் இரண்டு கிளிக். குழந்தைக்கு அப்பா யார், நீ எத்தனை மணி நேரம் வேலை தேடினாய் என்று அந்தப் போர்ட்டல் கேட்பதில்லை. அதே கையோடு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய் இலவசம் நாட்டைக் கெடுக்கிறது என்று எழுதுகிறோம்.

மூர் இதை வெளியிலிருந்து பார்த்துப் பேசியவர் அல்ல. ஒன்பது பிள்ளைகளில் எட்டாவது. பதின்வயது முடிவதற்குள் தாயானவர். அரசு உதவியில் வாழ்ந்துகொண்டே மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் படித்து 1978இல் பட்டம் வாங்கினார். 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் பழைய உதவித் திட்டத்தை எடுத்துவிட்டு, ஐந்தாண்டு உச்சவரம்பும் வேலை நிபந்தனையும் கொண்ட புதியதை வைத்தது. விஸ்கான்சின் ஒரு படி மேலே போனது. அங்கே அப்போது கைக்குழந்தைக்குப் பன்னிரண்டு வாரம் ஆனால் தாய் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது, பட்டப்படிப்பு வேலையாகக் கணக்கில் வரவில்லை. அதாவது மூர் ஏறி வந்த ஏணியை அவர் மாநில செனட்டில் உட்கார்ந்திருந்தபோதே எடுத்துவிட்டார்கள். வாஷிங்டன் போன பிறகு, படிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு உத்தரவாதம் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

பன்னிரண்டு வாரம் என்றால் குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கும் பருவம். நம் ஊரில் பிரசவத்துக்குப் போன பெண் தாய்வீட்டிலிருந்து திரும்பியே இருக்க மாட்டாள்.

குழந்தைப் பராமரிப்பு, வறுமை, வீட்டு வன்முறை ஆகிய மூன்றையும் மூன்று துறைகளாகப் பிரித்துவைப்பது அலுவலகங்களுக்கு வசதி. ஆனால் அடிக்கிற புருஷனை விட்டு வெளியேற நினைக்கும் பெண்ணுக்கு மூன்றும் ஒரே கதவு. வேலைக்குப் போகாமல் வாடகை இல்லை, குழந்தையை யாரும் பார்த்துக்கொள்ளாமல் வேலை இல்லை. உதவி கேட்டுப் போனால், குழந்தையின் தகப்பனைக் கண்டுபிடித்து ஜீவனாம்சம் வசூலிக்க அவள் ஒத்துழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. யாரிடமிருந்து ஓடி வந்தாளோ அவன் பெயரையே முதலில் சொல்ல வேண்டும். விதிவிலக்கு உண்டு. பால் வெல்ஸ்டோன், பேட்டி மரே என்ற இரண்டு செனட்டர்கள் போராடி, வன்முறைக்கு ஆளானவர்களுக்கு நிபந்தனைகளைத் தளர்த்தும் பிரிவு ஒன்றை 1996 சட்டத்தில் சேர்த்தார்கள். அது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. விலக்கு வேண்டுமென்றால் கவுன்ட்டரில் முன்பின் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் அடிவாங்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

மூர் அதைவிடப் பெரிய கவுன்ட்டரில் சொன்னார். பெண்களுக்கெதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் நீட்டிப்பு 2012இல் இழுபறியில் கிடந்தது. பழங்குடிப் பெண்கள், குடியேறிய பெண்கள், ஒருபாலீர்ப்பாளர்களுக்கான பாதுகாப்பில் தகராறு. சபையில் எழுந்து, சிறுமியாக இருந்தபோதும் வளர்ந்த பிறகும் தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறையைப் பேசினார். மறுவருடம் பிப்ரவரியில் 286க்கு 138 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. அறுபது வயதைக் கடந்த ஒரு மக்கள் பிரதிநிதி தன் உடம்பையே சாட்சியாக வைத்துப் பேச வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டுக் கடன் கழிவைக் காப்பாற்ற எந்த உறுப்பினரும் அப்படி எழுந்து நின்றதில்லை.

பரிசோதனை மசோதா குழுவைத் தாண்டவில்லை, தாண்டும் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். 1996இல் ஏழைக் குடும்பங்களுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய தொகை வருடத்துக்கு சுமார் 1,650 கோடி டாலர். விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையை உயர்த்தவே இல்லை. வீட்டுக் கடன் கழிவுக்கு அப்படி மொத்த ஒதுக்கீடு என்று ஒன்றும் கிடையாது. தகுதி உள்ளவர் எத்தனை பேர் கேட்டாலும் கிடைக்கும்.