கோப்பைத் திறந்து காட்டுங்கள்: தொழில்நுட்ப நிறுவனங்களோடு புதுச்சேரிப் பல்கலைக்கழகங்கள் செய்யும் ஒப்பந்தங்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

அந்தப் படம் எல்லாருக்கும் பழக்கம். நாளிதழின் உள்பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு வரும். பின்னால் பேனர், மேசையில் பூங்கொத்து, நடுவில் துணைவேந்தரோ கல்லூரி முதல்வரோ, பக்கத்தில் மென்பொருள் நிறுவனத்தின் அதிகாரி. இருவரும் ஒரே கோப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். 'புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது' என்று கீழே ஒரு வரி. கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது செய்தியில் இருக்காது. கல்லூரியின் இணையதளத்தில் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. அந்த ஒப்பந்தப்படி வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியரைக் கேட்டால், அவரும் படத்தைத்தான் பார்த்திருப்பார்.

நாங்கள் புதுச்சேரியில் கற்பிக்கிறவர்களும் ஆய்வு செய்கிறவர்களும், இங்கே படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனவர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய அமைப்பு. நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்குள் வரலாமா என்ற விவாதத்தில் நாங்கள் இறங்கப்போவதில்லை. வரட்டும். பல விஷயங்களில் வந்தே ஆக வேண்டும். எங்கள் நிலைப்பாடு இதுதான்: பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம் தொழில்நுட்ப நிறுவனத்தோடு செய்யும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன்பே கல்விக்குழுவில் முழுதாக வாசிக்கப்பட வேண்டும், கையெழுத்தான 30 நாட்களுக்குள் இணைப்புத் தாள்களோடு வெளியிடப்பட வேண்டும். கீழே நாங்கள் கேட்கும் மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இந்த ஊருக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. பத்திரத்தை இரு தரப்புக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்துக் காட்டினோம் என்பதையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும் என்பது, முன்பு இந்த ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நொத்தேர் (பத்திரம் எழுதும் அதிகாரி) சட்டத்தின் விதி. ஒரு மனையைக் கைமாற்றுவதற்கே அவ்வளவு சம்பிரதாயம். ஆயிரக்கணக்கான மாணவர்கள் என்ன படிப்பார்கள், அவர்கள் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் தாளுக்கு அது வேண்டாமா?

இத்தனை ஒப்பந்தங்கள் ஏன் முளைக்கின்றன என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. கல்லூரிகளின் தரத்தை எடைபோடும் நாக் மதிப்பீட்டில், கடந்த 5 ஆண்டுகளில் செயல்பாட்டில் இருந்த ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கேட்டுவந்தார்கள். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று வைத்தால் எண்ணிக்கைதான் பெருகும். இரண்டு பக்கத்தில் 'இணைந்து செயல்படுவோம்' என்ற ஒரே வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிய ஒப்பந்தங்களை எங்கள் உறுப்பினர்கள் பார்த்திருக்கிறார்கள். அவற்றால் கெடுதல் இல்லை, காகிதம்தான் வீண். எங்கள் கவலை மற்ற வகையைப் பற்றியது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் வேலை செய்த கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். ஒரு நிறுவனம் 'சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்' திறந்தது. நன்கொடை கோடிக்கணக்கில் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் பணமாக வந்தது ஒரு ரூபாயும் இல்லை. மென்பொருள் உரிமங்களின் விலைப்பட்டியல் மதிப்பைத்தான் கூட்டிப் போட்டிருந்தார்கள். கூடுதலாக நூறு பேருக்கு உரிமம் கொடுப்பதில் அந்த நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கணினி, ஏசி, நாற்காலி எல்லாம் கல்லூரிச் செலவு. மூன்றாம் ஆண்டு முடிவில் உரிமம் தீர்ந்தது. புதுப்பிக்கக் கேட்ட தொகை அந்தத் துறையின் ஆண்டுச் செலவை விட அதிகம். அதற்குள் பாடத்திட்டத்தின் இரண்டு தாள்கள் அந்த மென்பொருளை நம்பி எழுதப்பட்டிருந்தன. மாணவர்கள் அந்த மென்பொருளின் திரையைப் படம் பிடித்து அச்சிட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு செய்முறைத் தேர்வு எழுதினார்கள். இலவசக் காலம் முடிந்த பிறகு என்ன என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் கல்விக்குழுவில் யாராவது ஒருவர் கையைத் தூக்கியிருப்பார்.

சரியாக நடந்ததும் நம் ஊரிலேயே இருக்கிறது. செயின்ட் லூயி தெருவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் 1955ல் தொடங்கியது. அது பல்கலைக்கழகம் அல்ல, ஆய்வு நிறுவனம். ஆனாலும் எங்கள் வாதத்துக்குப் பக்கத்து வீட்டு உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தாவர வரைபடங்களைத் தயாரித்த அனுபவம் அதற்கு உண்டு. 2008ல் தொடங்கிய இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில், பெங்களூரின் ஏட்ரி போன்ற அமைப்புகளோடு இந்த இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்தது. மென்பொருள் பக்கம் வந்தது ஸ்ட்ராண்ட் லைஃப் சயின்சஸ் என்ற தனியார் நிறுவனம். அது பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் 2000ல் தொடங்கியது. போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் ஒரு செடியைப் படம் பிடித்துப் போடலாம், தெரிந்தவர் பெயர் சொல்லலாம். அங்கே சேரும் தகவல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எல்லாருக்கும் கிடைக்கிறது. அந்தத் தளத்தில் எங்களைக் கவர்ந்தது தொழில்நுட்பம் அல்ல. யார் எதைக் கொடுத்தார்கள், வெளியே வருவது எந்த உரிமத்தில் வருகிறது என்பதை ஒரு பள்ளி மாணவி கூடப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஐஐடி மெட்ராஸ் தன் ஆய்வுப் பூங்காவை 2010ல் திறந்தபோது வேறொரு வழியைக் கையாண்டது. இடம் எடுக்கும் நிறுவனங்கள் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து அதற்கான புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். கூட்டுறவு என்ற சொல்லை எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றியது அந்த ஏற்பாடு. பிள்ளைச்சாவடியில் 2020ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நம் பொறியியல் கல்லூரி அதை அப்படியே நகலெடுக்க முடியாது, அவ்வளவு நிறுவனங்கள் இங்கே இல்லை. அளந்து கேட்கும் பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம். ஒரு உதாரணம்: லெனோவோ தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்கள் தயாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. அந்த வகை இயந்திரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்ய நம் ஆய்வு மாணவர் கைக்காசில் கிளவுடு வாடகை கட்டுகிறார். ஊர்க்கோடியில் ஆலை, ஊருக்குள் வாடகை! அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இயந்திரங்களில் நம் மாணவர்களுக்கு நேரம் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தோமா என்பதுதான் கேள்வி.

இனி தரவு. எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் போனது இதற்குத்தான். முதலில் ஒரு பழைய கதை.

1769 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் காத்திருந்தார். நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அந்தச் சோகக் கதையை எல்லாரும் சொல்வார்கள். இன்னொன்றும் நடந்தது. சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு தமிழர் ஒருவர் கிரகணம் கணிப்பதை அவர் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கணக்கில் சோழி முறையின் பிழை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அன்றைய ஐரோப்பிய அட்டவணையின் பிழை அதைவிட அதிகம். அந்த முறை பிரெஞ்சு நூலாகிப் பாரிசுக்குப் போனது. நூலின் முகப்பில் இருப்பது லெ ழாந்தீயின் பெயர். அவர் நேர்மையாகவே எழுதினார். ஆனாலும் அறிவு எந்தத் திசையில் போனது, பெயர் எங்கே தங்கியது என்பதை இந்த ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது.

இப்போது எடுக்கப்படுவது நம் குரலும் கையெழுத்தும். எச்பி நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வகம் 2000களின் நடுவில் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது. பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை டேப்லெட் கணினியில் எழுதிக் கொடுத்தார்கள். 247 எழுத்துகளையும் கை எப்படிப் பிரித்து எழுதுகிறது என்று பார்த்து 156 வடிவங்களாக வகுத்தார்கள். அதை வைத்து 2006ல் ஒரு சர்வதேசப் போட்டியே நடந்தது. ஆய்வாளர்களுக்கு அந்தத் தொகுப்பை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நிறுவனம் அந்த வேலையிலிருந்து நகர்ந்துவிட்ட பிறகும் தமிழ் எழுத்தறிதலில் இறங்கும் எம்.டெக் மாணவர் இன்றும் அந்தத் தொகுப்பில்தான் கை வைக்கிறார். இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் சேர்ந்து நடத்தும் வாணி திட்டம் 773 மாவட்டங்களிலிருந்தும் பேச்சைப் பதிவு செய்து திறந்த தரவாக வெளியிடும் நோக்கம் கொண்டது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத், 2022ல் நிலேகனி தம்பதியின் 36 கோடி ரூபாய் நன்கொடையோடு வளர்ந்தபோதும், தன் மொழிக் கருவிகளைத் திறந்தே வைத்தது.

ஆகவே எங்கள் இரண்டாவது கோரிக்கை: புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் வகுப்பறைகளில் மாணவர்களிடமிருந்து குரல், கையெழுத்து, விடைத்தாள், நிரல் என எதைத் திரட்டினாலும், தனிநபர் அடையாளங்களை நீக்கிய ஒரு நகல் பல்கலைக்கழகத்திடம் இருக்க வேண்டும், அதை எந்த ஆய்வாளரும் பயன்படுத்த வழி இருக்க வேண்டும். சொல்தா, மேரி என்று பிரெஞ்சு ஒட்டிக்கொண்ட நம் பேச்சை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் நாம். அந்த இயந்திரத்தைப் பிறகு சந்தா கட்டி வாங்க வேண்டிவந்தால் அது நல்ல பேரம் அல்ல. சம்மதம் தமிழில் எழுதிய தாளில் கேட்கப்பட வேண்டும். மறுத்தால் உள்மதிப்பெண் குறையாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

கற்பித்தலைப் பற்றிச் சுருக்கமாக. டேட்டாபேஸ் என்ற பாடம் வேறு, ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸை இயக்கும் பயிற்சி வேறு. பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை; அது பாடத்தின் இடத்தில் உட்காரக் கூடாது. 2004ல் இன்போசிஸ் தொடங்கிய கேம்பஸ் கனெக்ட் தன் பயிற்சிப் பாடங்களைக் கல்லூரி ஆசிரியர்களிடமே கொடுத்தது. அந்த வகை எங்களுக்குச் சம்மதம், ஏனென்றால் நிறுவனம் போன பிறகும் ஆசிரியர் இருப்பார். தொழில்துறையிலிருந்து 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' எடுக்க 2022ல் யுஜிசி வழிவிட்டது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மொத்தம் 4 ஆண்டுக்கு மேல் நீடிக்கக் கூடாது, நிரந்தரப் பணியிடத்தைத் தொடக் கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது. காலியிடத்தை நிரப்பாமல் இவர்களை வைத்து ஒப்பேற்றினால் நாங்கள் அந்தப் பத்தியைக் காட்டுவோம்.

ஆய்வில் ஒரு முடிச்சு இருக்கிறது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு பகிரங்கமானது, ஆய்வேடு சோத்கங்கா என்ற பொது இணையக் காப்பகத்தில் ஏற வேண்டும். ஆனால் நிறுவனம் பணம் தரும் ஆய்வில் ரகசியக் காப்பு விதி மாணவரின் கையைக் கட்டும். காப்புரிமை விண்ணப்பத்துக்காக 60 நாள் வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம். அதற்கு மேல் கூடாது. அதற்கு மேல் ரகசியம் தேவைப்படும் வேலை முனைவர் பட்டத்துக்கு உரியதல்ல. அதை ஆலோசனைப் பணியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யட்டும்.

'இப்படி நிபந்தனை போட்டால் நிறுவனங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் சென்னைக்குப் போய்விடும்' என்று சில துறைத் தலைவர்கள் எங்களிடம் சொன்னார்கள். பயம் நியாயமானது, நாம் சிறிய ஊர். ஆனால் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் நூலகத்தை மின்னுருவாக்கக் கூகுளோடு செய்த ஒப்பந்தம் 2005ல் பகிரங்கமானது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. கூகுள் ஓடிவிடவில்லை, அடுத்த ஆண்டே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடும் ஒப்பந்தம் போட்டது. நம் நாட்டிலும் தகவல் உரிமைச் சட்டம் அதே 2005ல் வந்தது. அதன் 8(1)(d) பிரிவு வணிக ரகசியத்துக்கு விலக்கு கொடுக்கிறது என்று சொல்லி மனுவைத் திருப்புவார்கள். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை வாசிப்பதில்லை. விலை, தயாரிப்பு நுணுக்கம் போன்ற வரிகளைக் கறுப்படித்துவிட்டு மற்றதை வெளியிடுங்கள் என்கிறோம்.

இந்தப் பேச்சு அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சூடாகும். 2023ல் வந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 5 ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட 50,000 கோடி ரூபாயில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்பது கணக்கு. அதில் ஒரு துளி காலாப்பட்டில் இருக்கும் நம் பல்கலைக்கழகத்துக்கு வந்தாலும், கூடவே ஒரு கோப்பும் வரும்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். வேலை உத்தரவாதத்தோடு ஒரே நிறுவனத்துக்காக நடத்தப்படும் பட்டப்படிப்பை ஏற்கலாமா என்பது அது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளான உறுப்பினர்கள், 'வீட்டில் சம்பளம் வரும்போது பாடத்திட்டச் சுதந்திரம் பேசலாம்' என்றார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். வாக்கெடுப்பு வைக்கவில்லை. அந்தப் பத்தியை இந்த அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம்.

கடைசியாக, எங்கள் கோப்பு. போன ஆண்டு கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நாங்கள் நடத்திய தமிழ்க் கணிமைப் பயிற்சிக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் 12 பழைய மடிக்கணினிகளை இரவல் தந்தது. எழுத்தில் எதுவும் இல்லை, தொலைபேசியில் பேசி முடித்ததுதான். இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. இப்போது ஒரு பக்கக் கடிதமாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு, அலுவலக வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இரண்டாவது வரியில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதாக வந்தவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.