பறை என்றால் சொல்

ஆங்கிலப் பேப்பரில் ‘பரையா நாடு’ என்று படித்திருப்பீர்கள். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று அர்த்தம். நம்ம ஊர் ‘பறையர்’தான் 1600-களிலேயே கப்பலேறி அங்கே போய் இப்படி ஆகிவிட்டது. பிரெஞ்சில் ‘பாரியா’. ஜெர்மனியின் மாக்ஸ் வெபர் யூதர்களுக்கே அந்தப் பெயரை ஒட்டினார்.

அகராதியைப் புரட்டுங்கள். பறை என்றால் முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் ‘பற’ என்றால் ‘சொல்லு’. யாழ்ப்பாணத்திலும் ‘பறையிறது’ என்றால் பேசுவதுதான். பறையடித்து ஊருக்குச் சேதி சொன்னவர்களின் பெயரை வசவாக்கியது யார்? வெள்ளைக்காரனா? அவன் காதில் விழுந்ததை எழுதினான், அவ்வளவுதான். இழிவைக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நாம்தான்.

ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களே, ‘ஒதுக்கப்பட்ட’ என்று சொல்ல உங்களுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?