அடுத்த தவணை எந்த நாள்?

"வழக்கு என்ன ஆச்சு?" என்று லயத்தில் கேட்டால் "தவணை போட்டுட்டாங்க" என்பார்கள். ஏன் போட்டார்கள் என்று கேட்டால் தெரியாது. அடுத்த திகதிகூடச் சில வேளை பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்திருக்கும். ஓப்பநாயக்கவிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, பலாங்கொடைக்கோ இரத்தினபுரிக்கோ போய், பகல்வரை காத்திருந்து, பெயர் கூப்பிட்டதும் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறோம். உள்ளே பேசியது சிங்களத்தில். அன்றைய பேர் போயிற்று, பஸ் காசும் போயிற்று.

தவணை என்றால் வழக்கு முடிந்துவிட்டது என்றோ, எதிராளி தோற்றுவிட்டான் என்றோ அர்த்தமில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. "சும்மா தவணைதானே" என்று ஒரு நாள் போகாமல் விடுகிறவருக்கு நீதவான் பிடியாணை பிறப்பிக்கலாம். பிணை நின்ற இருவரும் கூண்டுக்கு வரவேண்டி நேரிடும். அந்த இருவரும் பெரும்பாலும் அதே லயத்து ஆட்கள்.

எல்லாத் தவணையும் ஒன்றல்ல. கொலை போன்ற பெரிய குற்றங்களை நீதவான் விளங்கித் தீர்ப்பளிப்பதில்லை. பொலிஸ் கோவை சட்டமா அதிபருக்குப் போய், அவர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த பிறகே மேல் நீதிமன்றத்தில் விளக்கம் தொடங்கும். அதுவரை நீதவான் முன் வரும் நாட்களில் பல வெறும் அழைப்பு நாட்கள். சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வரவில்லை, அரசாங்க பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை என்று நாள் தள்ளிப்போகும். விளக்க நாளிலும் சாட்சி வராததால், பொலிஸ் அதிகாரி இடம்மாறிப் போனதால், சட்டத்தரணி வேறு நீதிமன்றத்தில் இருப்பதால் தள்ளிப்போவதுண்டு. சில தவணைகளை நம் சட்டத்தரணியே நம் நன்மைக்காகக் கேட்கிறார், அதையும் மறக்கக்கூடாது. எது எந்த வகை என்று தெரியாமல் நிற்பதுதான் நம் கஷ்டம்.

பிணை கிடைக்காமல் விளக்கமறியலில் இருப்பவருக்கு ஒவ்வொரு தவணையும் இன்னும் பதினான்கு நாள் சிறை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. தீர்ப்பில்லாமல் ஒருவரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அடைத்து வைக்க, சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களில் பலர் தவணைகளிலேயே ஆண்டுகளைக் கழித்தார்கள்.

சாமிமலை ஓல்டன் தோட்டத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 பெப்ரவரியில், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த காலத்தில், முகாமையாளரைத் தாக்கியதாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 38 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கைதானவர்கள் பிணையில் வந்த பின்பும் ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்குத் தவணைக்குத் தவணை நடந்தார்கள். வேலையை இழந்தவருக்கு ஹட்டன் போய்வரும் செலவு என்னவென்று நாம் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தீர்ப்பு வருமுன்பே தண்டனை தொடங்கிவிட்டது.

இங்கே சங்கங்கள் தம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும், நாமும்தான். முதல் தவணைக்கு வேன் பிடித்துத் தலைவர்கள் எல்லோரும் போகிறோம். ஐந்தாம் தவணைக்கு யார் போகிறோம்? அந்த ஆள் தன் மனைவியோடு தனியாகத்தான் பஸ்ஸில் நிற்கிறார்.

மொழி விடயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, நீதிமன்ற மொழி தெரியாத கட்சிக்காரருக்குத் தமிழில் மொழிபெயர்ப்புத் தருவது அரசின் கடமை. வழக்கேட்டில் தனக்கு வேண்டிய பகுதியைத் தமிழில் பெறவும் அவருக்கு உரிமையுண்டு. இது கெஞ்சிக் கேட்கும் உதவியல்ல. பெயர் கூப்பிட்டதும் "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று சட்டத்தரணி மூலமோ நேரிலோ கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அன்றும் நாள் தள்ளிப்போகலாம் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனாலும் என்ன நடந்தது என்று தெரியாமல் வரும் தவணையைவிட அது பரவாயில்லை என்பது எமது எண்ணம்.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். இரத்தினபுரியிலும் அதன் அலுவலகம் இருக்கிறது. சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

வழக்குள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்துக்கொள்ளட்டும். வழக்கு இலக்கம், போன திகதி, தள்ளிவைத்த காரணம், யார் கேட்டது, அடுத்த திகதி என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். எழுத வராத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். ஒரே காரணம் மூன்று தடவை வந்திருந்தால் கொப்பியோடு தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். அந்தப் பக்கத்தைச் சட்டத்தரணியிடம் காட்டி, இனியும் தள்ளக்கூடாது என்று நீதவானிடம் விண்ணப்பிக்கச் சொல்வோம். நான்காம் தவணைக்கு எங்களில் ஒருவர் உங்களோடு பஸ் ஏறுவார்.