ஓடிபி பார்க்கப் போனது ஒரு குத்தமா?

ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்ட்டுத் திரும்புறதுக்குள்ள பேங்க் ஆப் மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குதா? தாராவியிலேர்ந்து திருநெல்வேலிக்குப் பணம் அனுப்புற அக்காகிட்ட, "உங்களுக்கு போன் பார்க்கத் தெரியல"ன்னு சொல்றாங்க. அபாண்டமுங்க!

ஆண்ட்ராய்டுக்கு அடியில இருக்கிறது லினக்ஸ் கெர்னல். கையிருப்பை மீறியும் ஆப்புகளுக்கு மெமரி சாங்ஷன் பண்ற பழக்கம் அதுக்கு உண்டு. எங்க பாஷையில சொன்னா ஓவர்டிராஃப்ட். எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்க வரமாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. வந்துட்டா? யாரையாவது காலி பண்ணணும். அதுக்குன்னே 'லோ மெமரி கில்லர்'னு ஒருத்தர் இருக்கார். அவர் கையில ஒரு மார்க் லிஸ்ட். கண் முன்னால இருக்கிற ஆப்புக்கு 0. இப்பதான் விட்டுட்டு வந்த ஆப்புக்கு 700. சும்மா கிடக்கிறதுக்கு 900-லேர்ந்து 999. மார்க் கூடக் கூட ஆயுசு கம்மி! 12 ஜிபி போன்ல 700 வரைக்கும் கத்தி வர்றது அபூர்வம். 2 ஜிபி போன்ல சீக்கிரமே வந்துடும்.

அப்ப கூகுளைத் திட்டலாமா? என் கோபம் அங்க இல்லை. ஒத்தை ரூம் வீட்டுல பாயைச் சுருட்டினாத்தானே அடுப்படிக்கு இடம் கிடைக்கும்? 'சுருட்டிடுவேன், பாதியில இருக்கிற விவரத்தை எங்கிட்ட குடுத்து வை, திரும்பி வந்ததும் தர்றேன்'னு ஆப் எழுதுறவங்களுக்கு ஆண்ட்ராய்டு முன்கூட்டியே சொல்லி வெச்சிருக்கு. சோதிச்சுப் பார்க்க டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்'னு ஒரு ஸ்விட்சே இருக்கு. அதைப் போட்டுப் பார்க்கக்கூட பேங்குக்கு நேரமில்லையா?

"பாதுகாப்பு முக்கியம் சார்"ம்பாங்க. பின் நம்பரை மறுபடி கேளுங்க, தப்பே இல்லை. அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி கோடு, தொகை, இதையெல்லாம் ஒரு அம்மா எதுக்கு மூணாவது தடவை அடிக்கணும்? அவசரத்துல ஒரு எண் தப்பினா பணம் யாருக்குப் போகும்? அதுக்குப் பேரா பாதுகாப்பு?

வெளியிடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேங்க் ஆப்பையும் 2 ஜிபி போன்ல, பாதியில ஓடிபி பார்க்கப் போய்த் திரும்பிச் சோதிக்கணும். பாஸ் ஆகலைன்னா வெளியிடக்கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை.

மாட்டுங்கா, செம்பூர் மக்களே, ஊர்ல இருக்கிற அம்மாவுக்குப் புது போன் வாங்குறதுக்கு முன்னாடி பேங்குக்கு எழுத்துல ஒரு புகார் குடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் இருக்கார். போனை மாத்த வேண்டியது அம்மா இல்லை, ஆப்பை மாத்த வேண்டியது பேங்க்!