சங்கல்பத்தில் சேர்ந்த பெயர்

அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கியவுடன் குருக்கள் கேட்கும் முதல் கேள்வி, "யார் பெயருக்கு?" என்பதுதான். நாம் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் நம் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மகன், மருமகள், பேரன், பேத்தி, மிஞ்சினால் வெளிநாட்டில் இருக்கும் தம்பி குடும்பம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எங்கள் புள்ளலூர்ச் சிவன் கோயிலில் அடியேன் வேறொரு பெயரைச் சொன்னேன். அதன் வழியாகக் கிடைத்த ஒரு பாடத்தை இந்த வாரம் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய ஆலயங்களெல்லாம் நடை சாத்தியிருந்தன. சிறிய கிராமக் கோயில்களுக்கு மட்டும் ஜூலை முதல் அனுமதி கிடைத்திருந்தது. முகக்கவசத்தோடு எட்டி நின்று கும்பிட்டுவிட்டு வருவோம். ஆகஸ்டு 10, திங்கட்கிழமை பிற்பகலில் முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தமக்குக் கொரோனா தொற்று இருப்பதைத் தாமே அறிவித்தார். வேறொரு சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் சென்ற இடத்தில் அது தெரியவந்தது. முந்தைய வாரம் தம்மைச் சந்தித்தவர்கள் தனிமைப்படுத்திக்கொண்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அன்றே டெல்லி இராணுவ மருத்துவமனையில் மூளையில் இருந்த இரத்தக் கட்டியை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு செயற்கைச் சுவாசம்.

வங்கிக்காரனான எனக்கு அவர் வெறும் செய்தித்தாள் பெயர் அல்லர். நான் பணியில் சேர்ந்த புதிதில் அவர்தாம் நிதியமைச்சர். விவசாயக் கடனுக்கு ஆதாரமாக விளங்கும் நபார்டு வங்கி 1982 ஜூலையில் தொடங்கப்பட்டது அவர் காலத்தில்தான். அதே ஆண்டில் டாக்டர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியின் ஆளுநரானதும் அவர் காலத்தில்தான். இவற்றைவிட என் மனத்தைத் தொட்டது வேறொன்று. குடியரசுத் தலைவராக இருந்தபோதும், துர்க்கா பூஜைக்குச் சொந்த ஊரான மிராட்டிக்குச் சென்று, வேட்டி உடுத்தித் தாமே அமர்ந்து பூஜை செய்வதையும் சண்டி பாராயணம் செய்வதையும் அவர் விடவில்லை.

மறுநாள் காலை குருக்களிடம் அவர் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். "கோத்திரம், நட்சத்திரம்?" என்றார். விழித்தேன். "தெரியாவிட்டால் பாதகமில்லை சார், சிவகோத்திரம் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் அவன் பிள்ளைகள்தாமே" என்றார்.

தலைவர்கள் நோயுறும்போது மக்கள் இறைவனிடம் ஓடுவது நமக்குப் புதிதன்று. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோயுற்றபோது திரையரங்குகளில் 'ஒளிவிளக்கு' படத்தின் பிரார்த்தனைப் பாடல் ஒலிக்க, மக்கள் கண்ணீரோடு எழுந்து நின்றதைக் கண்டவன் நான். உணர்ச்சி மேலிட்டுத் தீக்குளித்தவர்களும் உண்டு என்பது நெஞ்சை வருத்தும் நினைவு. 2016இல் ஜெயலலிதா அம்மையார் மருத்துவமனையில் இருந்த 75 நாட்களும் பால்குடமும் மண்சோறும் யாகமுமாக நாடே வேண்டிக்கொண்டிருந்தது. கொள்ளைநோய்க் காலத்திலோ கூட்டம் கூடவே வழியில்லை. அதே ஆகஸ்டில் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அவர்களுக்காக 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவரவர் இல்லத்திலிருந்தே கூட்டுப் பிரார்த்தனை செய்தோம். வீட்டில் ஏற்றிய விளக்கும் அவன் சந்நிதியில் ஏற்றிய விளக்குதான் என்று அன்று சமாதானம் செய்துகொண்டோம்.

ஆனால் எல்லாரும் பிரார்த்திக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டபோது, அவரை எதிர்க்கும் கட்சியின் தலைவரே நலம்பெற வாழ்த்தினார். அதே கட்சியைச் சேர்ந்த ஒரு சிற்றூர் மேயரோ, அவருக்கு இது வேண்டியதுதான் என்ற பொருளில் எழுதி, கட்சியின் நடவடிக்கைக்கு ஆளானார். நம்மூரும் இதற்கு விலக்கன்று. ஒவ்வொரு தலைவருக்கும் தொற்று வந்த செய்தி கைப்பேசியில் வரும்போதெல்லாம், அதன் கீழேயே "கர்மவினை" என்று எழுதும் கைகளும் இருந்தன. கும்பிடும் கைகளின் படத்தை அனுப்பியவர்களும், சிரிக்கும் முகத்தின் படத்தை அனுப்பியவர்களும் ஒரே தெருக்காரர்கள்.

இன்னொரு குரலும் கேட்டது. "பெரிய மனிதர் என்றால் தினமும் அறிக்கை வருகிறது. நம் வீட்டு மனிதரை உள்ளே அழைத்துப் போனால் செய்தி சொல்ல ஆள் இல்லை" என்று தேநீர்க்கடையில் ஒருவர் அங்கலாய்த்தார். அதை வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. அதில் நியாயம் இருந்தது.

இத்தகைய வேளைகளில் எனக்குத் திருஞானசம்பந்தர் வரலாறு நினைவுக்கு வரும். மதுரையில் அவரும் அடியார்களும் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. அந்த வெம்மை பாண்டிய மன்னனையே வெப்பு நோயாகச் சென்று பற்றியது. தீமை நடக்க இடம் கொடுத்தவன் அவன். "அனுபவிக்கட்டும்" என்று சொல்ல எவருக்கேனும் உரிமை இருந்ததென்றால் அது பிள்ளையாருக்குத்தான். அவரோ மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட, அரண்மனைக்குச் சென்று, பதிகம் பாடித் திருநீறு பூசி நோயைத் தீர்த்தார். கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், குளிர்சுரம் பரவித் தம் அடியார்களை வாட்டியபோது திருநீலகண்டப் பதிகம் பாடியவரும் அவரே. அப்போது அடியார்களை மட்டுமன்றி அந்த நாட்டையே விட்டு நோய் அகன்றது என்கிறது பெரிய புராணம். தலைவர்மீது கோபம் இருந்தால் அதைக் காட்ட வாக்குச்சாவடி இருக்கிறது. நோய்ப்படுக்கை அதற்குரிய இடமன்று.

இவ்வளவு தெரிந்த நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டு 13, வியாழக்கிழமை காலை, பிரணாப் முகர்ஜி மறைந்துவிட்டார் என்று ஒரு செய்தி கைப்பேசிக்கு வந்தது. பதறிப்போய் அதை உறவினர் குழுவுக்கும் ஓய்வுபெற்ற வங்கி நண்பர்கள் குழுவுக்கும் அனுப்பினேன். குருக்களைத் தொலைபேசியில் அழைத்து, "இன்று அர்ச்சனை வேண்டாம்" என்றும் சொன்னேன். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். "உறுதியாகத் தெரியுமா சார்? சங்கல்பம் செய்த பெயரை நாமாக எடுக்கக் கூடாது" என்றார்.

சற்று நேரத்தில் உண்மை தெரிந்தது. தந்தை உயிருடன் இருக்கிறார் என்று அவருடைய மகன் அறிவித்தார். வதந்தியை நம்ப வேண்டாம், மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்புக்காகத் தம் தொலைபேசி காத்திருக்கிறது, ஆகவே ஊடகங்கள் தம்மை அழைக்க வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டார். அதைப் படித்தபோது கூசிப்போனேன். முப்பத்தைந்து ஆண்டுகள் காசோலையில் தேதியையும், எழுத்தாலும் எண்ணாலும் எழுதிய தொகையையும், கையொப்பத்தையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதவன், ஒரு மனிதரின் மரணத்தைச் சரிபார்க்காமல் கொடுத்திருக்கிறேன்! இரண்டு குழுக்களிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

அன்று மாலை கோயிலுக்குச் சென்றேன். குருக்கள் அர்ச்சனையை நிறுத்தியிருக்கவில்லை. சங்கல்பத்தில் முன்னாள் குடியரசுத் தலைவரின் பெயரைச் சொன்னார். அடுத்து இன்னொரு பெயரும் வந்தது. கோயிலுக்குப் பூக்கட்டித் தரும் அம்மாவின் கணவர் பெயர் அது. அதே வாரத்தில் அவருக்கும் தொற்று உறுதியாகி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அவர்கள் தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டி, பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். நான் அந்தத் தெரு வழியே நடப்பதையே நிறுத்தியிருந்தேன். டெல்லியிலிருந்து வரும் மருத்துவ அறிக்கையைத் தவறாமல் படித்தவன், நூறு அடி தள்ளி இருந்த வீட்டை ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

குருக்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அந்த அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது இதுதான்: "ஐயா, டி.வி.யில் காட்டினார்களே, அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டாரா? நானும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்." எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. பிறகு மெல்ல அவர் கவலையைச் சொன்னார். கணவர் பேசுகிறார், மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது. ஆனால் பூ விற்பனை நின்றுவிட்டது. மகளிர் குழுக் கடன் தவணை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மார்ச் முதல் ஆகஸ்டு 31 வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்திருப்பதையும், ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நானே எழுதினேன். மளிகைச் சாமான் பட்டியலை வாங்கி, கடைக்காரரிடம் சொல்லித் திண்ணையில் வைக்கச் செய்தேன். பெரிய உதவி ஒன்றுமில்லை. மூன்று நாட்களுக்கு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் உறுத்தியது.

ஆகஸ்டு 31, திங்கட்கிழமை மாலை பிரணாப் முகர்ஜி காலமானார். வயது 84. இந்த முறை அவருடைய மகனின் அறிவிப்பைப் பார்த்த பிறகே நம்பினேன். யாருக்கும் அனுப்பவில்லை. மறுநாள் கொள்ளைநோய்க் காலக் கட்டுப்பாடுகளோடு, கூட்டமின்றி இறுதிச் சடங்கு நடந்தது. நம் பிரார்த்தனை வீணா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய விடை இல்லை. மார்க்கண்டேயனுக்குக் கிடைத்த வரம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதைத் திருக்கடவூருக்குப் போய்வந்த நாம் அறிவோம். ஆயினும் பெயர் தெரியாத கோடிப் பேர் தமக்காகக் கைகூப்பினார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கோ அந்த அர்ச்சனை பக்கத்துத் தெருவுக்கு வழிகாட்டியது.

பூக்கார அம்மாவின் கணவர் செப்டம்பரில் வீடு திரும்பினார். அந்தப் பருவம் முழுவதும் கழனிக்கு இறங்கும் வலிமை அவருக்கு வரவில்லை. தனிமைக் காலம் முடிந்து அந்த அம்மா முதன்முதலாகக் கோயிலுக்குப் பூ கொண்டு வந்த அன்று நானும் அங்கிருந்தேன். சுவாமிக்கும் அம்பாளுக்கும் வழக்கமான சரங்களைக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு முழம் மல்லிகையை எடுத்து நீட்டினார்.

"இது யார் பெயருக்கு?" என்றார் குருக்கள்.

"பெயர் வாயில் நுழையவில்லை சாமி. டெல்லியில் போய்விட்டாரே, அந்தப் பெரியவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும்."

குருக்கள் கோத்திரம் கேட்கவில்லை.