நாரி நோவும் நாட்டு மொழியும்

இயன் மருத்துவம் என்றதும் மின்கருவிகள் நிறைந்த ஓர் அறையையே பலர் மனத்திற் கொள்கின்றனர். நோயாளி படுத்திருப்பார், கருவி தன் கடமையைச் செய்யும், நோவு அகலும். இது தவறான கருத்து மட்டுமன்று, தீங்கானதுமாகும். நாட்பட்ட நாரி நோவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, நோயாளிக்கு விளக்கமளித்தலையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைத்தது. இடுப்புப் பட்டியையும் முள்ளந்தண்டை இழுத்து நீட்டும் இழுவைச் சிகிச்சையையும் வழமையாகக் கைக்கொள்ள வேண்டாமென்றது. எவ்வாறு குனிவது, எந்த நோவைப் பொறுத்துப் பயிற்சியைத் தொடர்வது, எந்த நோவு கண்டதும் நிறுத்துவது என்பவற்றை விளங்கவைத்தலே இம்மருத்துவத்தின் பெரும்பகுதி. ஆகவே அது சொல்லினால் நிகழும் மருத்துவம்.

எம்மொழிச் சொல்லினால் என்பதே வினா. இலங்கையில் இயன் மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. அதனை எதிர்ப்பது இங்கு நோக்கமன்று. ஆங்கிலத்திற் பயின்றவரும் தமிழரே, வாயினாற் சொல்லிவிடுவார் என்று அமைதி கொள்வோரையே மறுக்க வேண்டியுள்ளது. மொழிபெயர்ப்பு அத்துணை எளிதன்று. யாழ்ப்பாணத்தார் உளைவு, குத்து, எரிவு, பிடிப்பு, விறைப்பு எனப் பகுத்துக் கூறும் அனைத்தையும் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடக்கி எழுதினால் நோயின் பாதி மறைந்துபோகும். விறைப்பு என்ற சொல்லையே நோக்குக. நூற்றமிழில் அது மூட்டு இலகுவில் மடங்காமையைக் குறிப்பதுண்டு. குடாநாட்டிலோ கால் விறைத்தது என்பவர் உணர்வு மரத்ததையே கூறுகிறார். முன்னையதற்குப் பயிற்சி தகும். பின்னையது நரம்பு நெருக்குண்டமையின் அறிகுறியாகலாம். தொடைகளின் உட்புறமும் மலவாயைச் சூழ்ந்த இடமும் விறைத்து, சிறுநீரும் அடைபடுமாயின் அன்றே சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லல் வேண்டும். தாமதித்தால் அவ்வுணர்வு என்றுமே மீளாதிருக்கலாம். ஒரு சொல்லைப் பிழைபட விளங்கியதன் விலை இது.

கலைச்சொற் பஞ்சம் என்ற பழைய சாக்கும் எழும். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அச்சாக்கை 19 ஆம் நூற்றாண்டிலேயே பொய்ப்பித்துவிட்டார். மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 1867 இல் 'இரணவைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என நூல்களை வெளியிட்டார். அந்நியர் ஒருவர் எலும்புக்கும் தசைக்கும் தமிழ்ச்சொல் தேடிய மண்ணிலே, அம்மொழிக்குரியோர் சொல்லில்லை என்பது நகைப்புக்கிடமானது. (பட்டிமன்ற மேடைகளிற் சொற்பஞ்சம் காணப்படுவதில்லை என்பதும் அவதானிக்கத்தக்கது.)

அறிவுரையின் உள்ளடக்கமும் மண்ணுக்குப் பொருந்த வேண்டும். மேசைத் தொழிலாளருக்கென எழுந்த 'நிமிர்ந்து அமர்க' என்னும் போதனை, வலிகாமத்துச் செம்மண்ணிலே குனிந்து வெங்காயத்திற்குக் களை பிடுங்கும் பெண்ணுக்கு எப்பயனும் தராது. எத்தனை வரிசைக்கொருமுறை நிமிர்வது, எப்போது குந்துவது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். பனையேறும் சீவல் தொழிலாளிக்கு இடறிய கணுக்கால், துடுப்பாட்ட வீரனுக்கு இடறிய கணுக்காலைப் போன்றதன்று. வீரன் ஒரு போட்டியைத் தவறவிடலாம். மரத்திலே கால் தளர்ந்தவனின் முள்ளந்தண்டே முறியும்.

மருத்துவ பீடமும் கைதடியிலே சித்த மருத்துவக் கல்வியும் தமிழ்த்துறையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே உள்ளன. குடாநாட்டு நோவுச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் உடலின் எந்நிலையைச் சுட்டுகின்றது என வரையறுக்கும் ஓர் அகராதியை இம்மூன்றும் கூடி ஆக்கலாம். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. தமிழ் மாணவர் சிலர் வெளிநோயாளர் பிரிவின் வாங்கிலே சில காலைப்பொழுதுகள் அமர்ந்து, நோயாளர் சொல்வதைச் சொல்லியவாறே எழுதிக்கொள்வதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.