எப்போது இறங்குவது?

1958ஆம் ஆண்டு போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நடந்த கார்ப் பந்தயத்தில் இங்கிலாந்து வீரர் ஸ்டெர்லிங் மோஸ் வென்றார். இரண்டாவதாக வந்த மைக் ஹாத்தோர்ன், இறுதிச் சுற்றில் நின்றுபோன காரைத் தள்ளி இயக்கியது விதிமீறல் எனக் கருதி நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்ய முற்பட்டனர். அவர் தள்ளியது ஓடுதளத்தில் அன்று, நடைபாதையில் என்று அவருக்காக வாதாடியவர் மோஸ். ஆண்டிறுதியில் ஹாத்தோர்னுக்கு 42 புள்ளிகள், மோஸுக்கு 41. ஒரே புள்ளியில் கைநழுவிய உலகப் பட்டம், பின்னர் ஒருபோதும் அவருக்கு வாய்க்கவில்லை.

விளையாட்டுப் பெருந்தன்மைக்கு இந்நிகழ்வையே பலரும் எடுத்துக்காட்டுவர். நமக்கோ, அவர் முதுமையில் செய்த செயல் இதனினும் பெரிதாகத் தோன்றுகிறது.

1962இல் இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்தில் நேர்ந்த விபத்தில் மோஸ் ஒரு மாதம் நினைவிழந்து கிடந்தார். உடலின் இடப்பக்கம் ஆறு மாதம் செயலற்றிருந்தது. மறு ஆண்டு அதே தளத்தில் தம்மைச் சோதித்துப் பார்த்தார். முன்பு தன்னியல்பாக வந்ததை இப்போது எண்ணி எண்ணிச் செய்ய வேண்டியிருந்தது. விலகிக்கொண்டார். பிற்காலத்தில் பழங்காலக் கார்ப் பந்தயங்களில் மீண்டும் ஓட்டலானார். 2011 ஜூனில், பிரான்சின் லே மான் நகரில், பழைய போர்ஷே காரில் தகுதிச் சுற்று ஓட்டியபோது தமக்கே அச்சம் தோன்றியதாகச் சொல்லி, அன்றே ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 81.

இத்தகைய பந்தயங்களில் காரின் பழைமையைக் குலைக்காமல் காப்பதே சிறப்பு. இருக்கைப் பட்டைகூடப் பெரும்பாலும் இல்லாத காலத்தில் உருவான வண்டிகள் அவை. இன்றைய காப்புகள் அனைத்தையும் அவற்றில் பொருத்த இயலாது. ஆகவே ஓட்டுபவரின் நிதானத்தையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஓட்டிவருபவரின் உயிர் அவர் கையில் உள்ள அமானிதம். கண்ணும் கையும் தளர்ந்ததை மறைத்துக்கொண்டு ஓட்டுபவர், எந்த விதியையும் மீறாமலேயே அநீதி இழைக்கிறார் என்பதே நம் கருத்து.

மருத்துவச் சான்றிதழ் போதாதா என்று கேட்கலாம். அது வேண்டியதுதான். ஆனால் வளைவில் பிரேக்கை மிதிக்கக் கணநேரம் பிந்தியதை, ஓட்டியவர் மட்டுமே அறிவார். அதைத் தாமே வெளியில் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? வீட்டுப் பெரியவரிடமிருந்து ஸ்கூட்டர் சாவியை வாங்குவதற்கே நாம் படும் பாடு தெரிந்ததுதானே! மோஸோ பந்தய நாள்வரைகூடக் காத்திருக்கவில்லை.